உபயம்: பெயிண்டர் வேதமாணிக்கம்

ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காற்று புழுதியை அள்ளி ஊரின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த உச்சிப்பொழுதில், தங்கப்பழம் அண்ணாச்சியின் புளி மண்டியில் கொட்டை தட்டிக்கொண்டிருந்த வடிவின் பின்கழுத்தில் ஒரு பெயர் எழுதியிருப்பதை, அவளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பார்த்தார்கள். 'உபயம்: சு. தங்கப்பழம், புளி மண்டி' என்று நீல நிறத்தில், மஞ்சள் நிழல் கொடுத்து, மயிர் முடிகிற இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே, ஒழுங்காக மட்டம் பிடித்து எழுதியிருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தும் போகவில்லை, புளியைக் கரைத்துத் தேய்த்தும் போகவில்லை. எழுத்து என்னுடையது என்று எல்லோரும் உடனே கண்டுகொண்டார்கள்.

எங்கள் ஏழுகரையில் என் எழுத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. கோயில் மணியிலும் மாதாகோயில் பெஞ்சிலும் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியிலும் பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையிலும் யார் யார் எதைக் கொடுத்தார்கள் என்று எழுதி வைத்தவன் நான்தான். ஒரு ட்யூப்லைட் வாங்கிக் கொடுப்பவர்கூட இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தன் பெயரும் தகப்பன் பெயரும் கடையின் பெயரும் வந்தாக வேண்டும் என்பார். எழுதி முடித்த பிறகு வெளிச்சம் வருவதற்கு விரற்கடை இடம்தான் மிஞ்சும், அந்த வெளிச்சத்தில் சாமி அரைமுகமாகத் தெரிவார், அதற்கு யாரும் குறை சொன்னதில்லை. எனக்கும் அதில்தான் சோறு. ஆகையால் மண்டியிலிருந்து எனக்கு ஆள் விட்டார்கள், நான் பெயிண்டைக் கரைக்கிற தின்னர் டப்பாவும் பஞ்சுமாகப் போய் நின்றேன்.

தின்னருக்கும் அது அசையவில்லை. உள்ளேயிருந்து தங்கப்பழம் அண்ணாச்சி வந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வடிவின் கழுத்தை வாசித்தார்.

"என்னவே வேதமாணிக்கம், இனிஷியலுக்குப் புள்ளிய இன்னும் கொஞ்சம் பெருசா வச்சிருக்கலாம்லா?" என்றார்.

"நான் எழுதல அண்ணாச்சி. எழுத்து என்னுதுதான், ஆனா நான் எழுதல."

"சரி, யாரு எழுதுனா என்ன. தீவாளிக்கு நம்ம வீட்டுல குடுத்த சேலைக்கு வந்திருக்கும் போல" என்று சொல்லிவிட்டு எடை போடப் போய்விட்டார். வடிவு அன்றைக்கு அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தாள்.

இப்படித்தான் எங்கள் ஊரில் அது தொடங்கியது. ஆவணி பிறப்பதற்குள், வடிவு குடியிருக்கிற வேலிக்கரைத் தெருவில் பெயர் ஏறாத உடம்பு குறைவு. பிறந்தநாளுக்கு ஒரு பொட்டலம் பிரியாணி வாங்கித் தின்றவனுக்கு மணிக்கட்டில் வந்தது, பழைய சட்டை வாங்கிப் போட்டவனுக்குத் தோளில் வந்தது, நோட்டுப் புத்தகம் வாங்கிய பிள்ளைகளுக்கு விரல் விரலாக வந்தது, மூன்று சக்கர வண்டி வாங்கிய தாவீதுக்கு இரண்டு தொடையிலும் கொடுத்தவரின் பெயர், படிப்பு, வகிக்கும் பொறுப்பு எல்லாம் வந்தன. கொடுத்தவர் தான் கொடுத்ததைத் தன் வாயால் யாரிடமாவது ஒருமுறை சொன்னால் எழுத்து ஒரு நூல் அளவு வளர்ந்தது. தங்கப்பழம் அண்ணாச்சி பார்க்கிறவர்களிடமெல்லாம் சேலைக் கதையைச் சொன்னதில் வடிவின் கழுத்திலிருந்த பெயர் புரட்டாசிக்குள் முதுகுக்கு இறங்கிவிட்டது.

ஊர் இதற்காக ஆச்சரியப்பட்டு வேலையை நிறுத்தவில்லை. சொல்லப்போனால் ஏழுகரை அதுவரைக்கும் அப்படிக் கொடுத்ததே இல்லை. சுவர் நின்ற இடத்தில் நிற்கும், ஆள் என்றால் சந்தைக்குப் போவாள், பஸ் ஏறுவாள், நாலு ஊர் வாசிக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் ஆட்டோவில் சாம்பார் அண்டாவை ஏற்றிக்கொண்டு வேலிக்கரைக்குள் வந்தார்கள்; வேலிக்கரை எந்தப் பக்கம் என்று அதுவரை தெரியாதவர்கள்கூட வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். பசித்தவர்கள் சாப்பிட்டார்கள், அதை இல்லையென்று சொல்லக் கூடாது. சாப்பிட்டுக் கை கழுவும்போது பெயர் முளைத்திருக்கும்.

வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதை ஊர் மெதுவாகத்தான் கவனித்தது. தையல்காரருக்கு முழுக்கை ரவிக்கை தைத்து மாளவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து, என் முதுகில் யார் இருக்கிறார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் வாசிக்கச் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையை வாசித்தார்கள். வடிவு ஒரு நாள் என்னை வழியில் நிறுத்தி, "சேலையத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன் அண்ணாச்சி. பேரு மட்டும் எங்கூடவே வருதே" என்றாள். வேலை இருக்கிறது என்று நான் நடந்துவிட்டேன்.

இதற்கு மருந்து இருக்கிறது என்பது பங்குனியில் தெரிந்தது. மண்டியில் சரக்கு அனுப்ப ஆள் பற்றாமல், மேற்பார்வைக்கு என்று அண்ணாச்சியின் மனைவி கனகமணியை உட்கார வைத்திருந்தார்கள். சும்மா உட்காரச் சலித்து அந்த அம்மாளும் ஒரு இரும்புத் தட்டுக்கோலை எடுத்துப் புளி தட்டினாள். சாயங்காலத்துக்குள் புளி நகக்கண்ணில் ஏறிப் பத்து விரலும் எரிந்தது. வடிவு தன் தூக்குவாளியில் மிஞ்சியிருந்த நீராகாரத்தில் அவள் கையை முக்கி வைத்துப் பிடித்துக்கொண்டாள். கனகமணி அந்த வாளியைப் பார்த்துவிட்டு, எல்லாப் பெண்களும் கேட்கும்படி சொன்னாள்:

"இந்த வேலைக்கா நாங்க அந்தக் கூலி குடுத்தோம்? எங்க வீட்டு மாடில பாதி உங்க விரலு. அந்தச் சேலை நான் குடுத்தது இல்ல வடிவு, உங்கிட்ட எடுத்ததுல ஒரு முழம் உனக்கே வந்திருக்கு. நாளையிலேருந்து கூலி இரட்டி. மனுசன் கத்துனா நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லி முடிப்பதற்குள் வடிவின் முதுகிலிருந்த எழுத்துக்கள் காய்ந்த புளி ஓடாக உதிர்ந்து மடியில் விழுந்தன. பெண்கள் அதைப் பெருக்கி வெளியே கொட்டினார்கள்.

ஆக, கொடுத்தவர் தான் எடுத்ததை நாலு பேர் முன்னால் சொல்லித் திருப்பிக் கொடுத்தால் பெயர் போகும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒன்றும் செய்யவில்லை. நாம் யாரிடம் எதை எடுத்தோம் என்று எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். டீக்கடை வேலாண்டி மட்டும், தெருக் கூட்டுகிற ராக்காயிக்குத் தினமும் ஒரு பன் கொடுத்துவந்தவன், அவளுக்கென்று தனியாக ஓட்டில் சொருகி வைத்திருந்த கண்ணாடி கிளாஸை எடுத்து எல்லோர் முன்னாலும் உடைத்துவிட்டு, இனி எல்லா கிளாஸும் எல்லோருக்கும் என்று சொன்னான். அவள் விரலிலிருந்து அவன் பெயர் போனது. ஒரு வாத்தியார் வீட்டில், எட்டு வருடமாக ஒரு நாள்கூட லீவு கொடுக்காத வேலைக்காரப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். மற்றவர்கள் மனிதர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு மறுபடியும் கோயிலுக்கு ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்தார்கள், கோயில் இன்னும் கொஞ்சம் இருட்டியது, எனக்கு வேலை கூடியது.

வைகாசியில் ஒரு புதன்கிழமை காலையில் வடிவின் மகள் மகராசி என் வீட்டுக்கு வந்தாள். இருபது வயது. நர்சிங் டிப்ளமா முடித்தவள். அவள் வலது கன்னத்தில், கண்ணோரத்திலிருந்து காதுவரைக்கும், 'உபயம்: பெயிண்டர் வேதமாணிக்கம்' என்று எழுதியிருந்தது.

"மாமா, நாளைக்குத் திருநெல்வேலில இன்டர்வியூ. பெரிய ஆஸ்பத்திரி. இத ஒண்ணும் செய்ய முடியாதா?"

"பவுடர் போட்டு மறைச்சா?"

"பவுடருக்கு மேல வந்து நிக்குது. போன மாசம் ஒரு இடத்துல மார்க்கெல்லாம் பாத்துட்டு நல்லாத்தான் பேசுனாங்க. கடைசியில, பேஷன்ட்டு உன் கன்னத்த வாசிச்சுக்கிட்டுக் கிடப்பானாம்மான்னு கேட்டு அனுப்பிட்டாங்க."

உட்காரச் சொல்லிப் பஞ்சில் தின்னரைத் தொட்டுத் தேய்த்தேன். தோல் சிவந்தது, எழுத்து அப்படியே இருந்தது.

"எரியுதா?"

"பரவால்ல மாமா, தேயுங்க." கண்ணை மூடிக்கொண்டு அவளே மெதுவாகப் பேசினாள். "கனகமணி அத்தை சொன்னதக் கேட்டதுலேருந்து ஒண்ணு யோசிச்சிக்கிட்டே இருக்கேன். எடுத்தவங்க சொன்னாத்தான பேரு போகுது? நீங்க எங்ககிட்ட ஒண்ணும் எடுக்கலையே. அப்பா போனப்புறம் எங்க வீட்டு வாசலுக்கு வந்துபோன ஒரே ஆளு நீங்கதான். அப்போ உங்க பேரு எப்படிப் போகும்? எனக்கு இது ஆயுசுக்கும் இருக்குமா மாமா?"

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த இடத்தில் நான் ஒன்றைத் திருத்த வேண்டும். முதல் பெயர் வடிவின் கழுத்தில் வந்ததாகச் சொன்னேன், ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. அது பொய். முதல் பெயர் அதற்கு ஐந்து மாதம் முன்னால், மாசியிலேயே, மகராசியின் கன்னத்தில் வந்துவிட்டது. அவளுக்குப் பதினாலு வயதில் கரும்பலகை தெரியவில்லை என்று கேள்விப்பட்டு நான் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். கொடுத்ததோடு விடாமல், பூஜ்யம் நம்பர் பிரஷ்ஷால் அதன் காதுக்கம்பியில் 'உபயம்' போட்டு என் பெயரை எழுதினேன். அவ்வளவு பொடியாக எழுதுகிறவன் இந்த ஜில்லாவில் வேறு யார் என்று எனக்கு ஒரு கர்வம். ஐந்து வருடத்துக்கு மேல் அவள் அதைக் கன்னத்தோடு கன்னமாகப் போட்டுக்கொண்டு படித்தாள். ஒரு நாள் கம்பியில் பெயர் இல்லை, கன்னத்தில் இருந்தது. வேர்வையில் பெயிண்டு ஒட்டிக்கொண்டது என்று நினைத்து அவள் என்னிடம்தான் காட்ட வந்தாள். பெயிண்டு இல்லை என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது, வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகும் டீக்கடையில் உட்கார்ந்து கண்ணாடி வாங்கிக் கொடுத்த கதையை ஆயிரம் தடவை சொன்னேன். கம்பிக்கு அடியில் மறைந்து கிடந்த எழுத்தைக் கன்னம் முழுக்க வளர்த்தவன் நானேதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எதை எடுத்தேன் என்பது.

மகராசியின் அப்பா உச்சிமாகாளி என்னோடு வேலை பார்த்தவன். நான் கோடு போட்டுக் கொடுப்பேன், அவன் உள்ளே வண்ணம் நிரப்புவான். பதினோரு வருடத்துக்கு முன்னால் தங்கப்பழம் அண்ணாச்சி ஊருக்கு ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தார். 'தன் தகப்பனார் நினைவாக' என்று நாலு பக்கத்திலிருந்தும் தெரிகிற மாதிரி எழுத வேண்டும். காலையில் சாரப் பலகையைக் கட்டும்போது உச்சிமாகாளி, "அண்ணே, கயிறு நைஞ்சிருக்கே" என்று எடுத்துக் காட்டினான். "இன்னைக்கு ஒரு நாளு ஓட்டுலே, நாளைக்கு மாத்திருவோம்" என்றேன். பத்து மணிக்குத் 'தகப்பனார்' என்பதில் பாதி நிரப்பியிருந்தபோது கயிறு அறுந்தது. விழுந்த இடத்திலேயே போய்விட்டான். போலீஸ் வந்து கேட்டது, அண்ணாச்சி வந்து கேட்டார், நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: "காலையிலயே கொஞ்சம் போட்டிருந்தான்."

அவன் வெற்றிலைகூடப் போடாதவன். ஆனால் யாரும் அவன் வாயை மோந்து பார்க்கவில்லை, இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. வேலிக்கரைக்காரன் குடித்திருந்தான் என்றால் எங்கள் ஊருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. ஏன் அவர்கள் அப்படி இருக்கிறார்கள் என்கிற கேள்விக்கெல்லாம் அந்த ஒரு பதிலை வைத்துத்தான் நாங்கள் நிம்மதியாகத் தூங்குகிறோம். வடிவுக்கு வர வேண்டிய நஷ்ட ஈடெல்லாம் அதோடு நின்றது. பதினாறாம் நாள் அவள் என்னிடம், "அவரு குடிக்கமாட்டாரே அண்ணாச்சி" என்றாள். "உனக்குத் தெரியாம இருந்திருக்கும்மா" என்று அதையும் நான்தான் சொன்னேன். அடுத்த வாரம் அவள் புளி தட்டப் போனாள்.

இத்தனையும் என் வாய்க்குள் இருந்தது அந்தப் புதன்கிழமை. சொல்லியிருந்தால் அவள் கன்னம் அங்கேயே சுத்தமாகியிருக்கும். நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் மகராசி திரும்பி வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நான் ஒரு சிமெண்டுப் பலகைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். தின்னர் பட்ட கன்னம் புண்ணாகியிருந்தது, அதன் மேல் என் பெயர் பளிச்சென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "கெடைக்கல மாமா. நீங்க வருத்தப்படாதீங்க, அடுத்த மாசம் நாகர்கோயில்ல ஒண்ணு இருக்கு" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் அன்றைக்கும் தப்பித்திருப்பேன். அந்த ஆறுதலை என்னால் தாங்க முடியவில்லை, பிரஷ்ஷைக் கழுவாமல் அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஏறினேன். ஏறுவதற்கு முன்னால் கடையைத் திறக்கச் சொல்லிப் புதுக் கயிறு வாங்கினேன். என் உயிர் என்றதும் புதுக் கயிறு வாங்கத் தோன்றியதே என்று பாதி ஏணியில் உறைத்தது, அங்கேயே நின்று அழுதேன். பிறகு அண்ணாச்சியின் தகப்பனாரை வெள்ளை அடித்து மூடிவிட்டு, ஆள் உயர எழுத்தில் எழுதினேன்: 'உச்சிமாகாளி அன்று குடிக்கவில்லை. கயிறு நைந்திருந்தது. கயிறு என்னுடையது. பொய் சொன்னவன் பெயிண்டர் வேதமாணிக்கம்.' நிரப்புவதற்கு ஆள் இல்லாததால் எழுதி முடிக்கப் பத்து மணி ஆகிவிட்டது.

கீழே ஊர் கூடிவிட்டது. "எங்கப்பா பேர அழிச்சிட்டானே, எங்கப்பா பேர அழிச்சிட்டானே" என்று தங்கப்பழம் அண்ணாச்சி தொட்டியைச் சுற்றி ஓடினார். அதன்மேல் எழுதியிருந்ததை அவர் வாசித்த மாதிரி தெரியவில்லை. வடிவுக்கு வாசிக்கத் தெரியாது. மகராசிதான் ஒவ்வொரு சொல்லாக அவளுக்கு வாசித்துக் காட்டினாள், வாசிக்க வாசிக்க அவள் கன்னத்திலிருந்து எழுத்துக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அதை இருவருமே கவனிக்கவில்லை.

நான் இறங்கி வந்து நின்றேன். வடிவு என்னை அடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுகிற குரலில் சொன்னாள்:

"நீங்க சொன்னத நம்பி, பதினோரு வருசமா செத்த மனுசனத் திட்டிக்கிட்டே இருந்தேனே அண்ணாச்சி."

இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மகராசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் பெயிண்டு டப்பாவின் மூடிமேல் வைத்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண் சரியாகத் தெரியாமல் மேடு பள்ளத்தில் காலை வைத்துப் பார்த்துப் பார்த்து நடந்து போனாள். அன்று சாயங்காலம் கையில் இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகராசி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "குடுக்காதீங்க. மறுபடி முளைக்கும். இங்க வந்து குடுக்கத விட்டுட்டு ஸ்டேஷனுக்குப் போங்க, தொட்டில எழுதுனத அங்க எழுதிக் குடுங்க" என்றாள். மாமா என்று கூப்பிடவில்லை. போனேன், எழுதிக் கொடுத்தேன். வழக்கு மெல்ல நடக்கிறது. அவள் நாகர்கோயிலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி, சொந்தப் பணத்தில் கண்ணாடி வாங்கிப் போட்டிருக்கிறாளாம்.

தொட்டியில் எழுதிய மறுநாள், சனிக்கிழமை காலையில் முகம் மழிக்கக் கண்ணாடி முன் நின்றபோது என் வலது கன்னத்தில் எழுதியிருந்தது. 'உபயம்: உச்சிமாகாளி, வேலிக்கரை.' இது என் எழுத்து இல்லை. கோடு போடத் தெரியாமல், நிரப்ப மட்டுமே தெரிந்த ஒருவன் எழுதியது, ஓரமெல்லாம் பிசிறு. நான் இத்தனை வருடம் தின்ற சோறும் தலைநிமிர்ந்து நடந்த நடையும் யார் கொடுத்தது என்று அதில் தெளிவாகவே இருந்தது.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு வித்தியாசம், ஏழுகரையில் இப்போது எல்லோரும் எழுந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியில் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். தங்கப்பழம் அண்ணாச்சி வீட்டில் கண்ணாடிகளைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்களாம். கடைத்தெருவில் என்னைக் கண்டால் வெளியூர்க்காரர்கள் யாராவது வாசித்துவிட்டு, யார் இந்த உச்சிமாகாளி, உமக்கு என்ன கொடுத்தார் என்று கேட்பார்கள். நான் நின்று, கயிற்றிலிருந்து தொடங்கி, ஒன்றும் விடாமல் சொல்கிறேன். கொடுத்தவன் இல்லாததால் அவனுக்காக நான் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எழுத்து ஒரு நூல் அளவு வளர்கிறது. காதைத் தாண்டிப் பின்கழுத்துக்கு வந்துவிட்டது, வளரட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.